தவமணி தூக்கிய கை

நீங்களும் ரெண்டாவது ஊசிக்குத்தானே சார் காத்திருக்கீங்க? எதிர்த்த ஓட்டல்ல உங்களைப் பாத்தேன். பொங்கல் வாங்குனீங்க. தப்பு சார். பொங்கல் சாப்பிட்டா சர்க்கரை எகிறிக் காட்டும். நான் நாலு இட்லியோட எந்திரிச்சிட்டேன். சட்னியைத் தொடல. சரி, இனி ரெண்டு மணி நேரம் இந்த பெஞ்சுதான் நமக்கு. கொஞ்சம் தள்ளி உட்காருங்க, அந்த ஃபேன் காத்து இங்கதான் வரும்.

உள்ளே நமக்கு ரத்தம் எடுத்தாங்களே ஒரு அம்மா, கண்ணாடி போட்டு, நீலக் கோட்டு மாட்டிக்கிட்டு, அவங்க யாருன்னு தெரியுமா? உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. எங்க ஊரு சேர்மன் சார் அவங்க. செங்குளம் முனிசிபாலிட்டி சேர்மன். இருந்தாங்க. போன சித்திரை வரைக்கும் இருந்தாங்க. ஜெசிந்தாம்மா. அதுக்கு முன்னாடியும் இதே வேலைதான், இதே திண்டுக்கல்தான். தேர்தல்ல நிக்கிறதுக்காக வேலையை விட்டாங்க. இப்ப மறுபடி பஸ் ஏறி வந்து ஊசி குத்துறாங்க.

நான் தனுஷ்கோடி. செங்குளத்துல பெயிண்ட் கடை. பதினோராவது வார்டு கவுன்சிலர். அதாவது, கவுன்சிலர் எங்க வீட்ல. தவமணின்னு பேரு. பொம்பளைங்க வார்டுன்னு ஒதுக்கிட்டாங்க, அதனால அவளை நிக்க வச்சோம். நோட்டீஸ்ல என் படமும் போட்டுத்தான் அடிச்சோம். வீடு வீடா நான்தான் போனேன். ஜெயிச்சோம். நல்ல ஓட்டு வித்தியாசம்.

பொய் சொல்லக் கூடாது, முதல் ரெண்டு மூணு மீட்டிங் வரைக்கும் ஒண்ணும் தெரியல. எல்லாப் பொம்பளைக் கவுன்சிலருக்கும் பக்கத்துல அவங்கவங்க வீட்டுக்காரரு ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்போம். பேச வேண்டியதை நாங்க பேசுவோம். அதுங்க பாவம், டீயைக் குடிச்சிட்டு உட்கார்ந்திருக்கும். அப்புறம் ஒருநாள் ஜெசிந்தாம்மா மைக்கைப் பிடிச்சு, "கவுன்சிலர்கள் மட்டும் உள்ள இருந்தாப் போதும். மத்தவங்க தயவுசெஞ்சு வெளிய இருங்க"ன்னுட்டாங்க. மத்தவங்க! நாங்க மத்தவங்க. நான் வேட்டியை இழுத்துக் கட்டிக்கிட்டு எந்திரிக்கிறேன், பின்னாடி பியூன் என் நாற்காலியைத் தூக்கிட்டுப் போறான். எந்திரிச்சு முடிக்கல சார் இன்னும்.

அதுக்காக எனக்கு அவங்க மேல கோபம்னு நினைச்சிராதீங்க. நான் அப்படிப்பட்ட ஆளு இல்ல. சட்டம் அதான்னா அதான்.

ஆனா ஊருக்குள்ள பேச்சு ஆரம்பிச்சிருச்சு. அந்தம்மா யார் சொல்லையும் கேக்கறதில்லன்னு. மீன் மார்க்கெட் கடைங்களை வைஸ் சேர்மன் கோதண்டபாணி தன் ஆளுங்களுக்கே திரும்பக் குடுக்கச் சொன்னாரு, முடியாது ஏலம்தான்னாங்க. குப்பை வண்டி கான்ட்ராக்ட் அவர் மச்சானுக்கு, அதுவும் முடியாதுன்னாங்க. இத்தனைக்கும் எல்லாரும் ஒரே கட்சி. இப்படியே ஒண்ணொண்ணா முடியாது, முடியாதுன்னா எப்படி சார் முனிசிபாலிட்டி ஓடும்? சரி, ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு. தண்ணி ஒருநாள் விட்டு ஒருநாள் வந்துச்சு. அதை இல்லேன்னு சொல்ல முடியாது. இப்ப வாரத்துக்கு ஒரு தடவை.

இந்தத் தவமணி இருக்காளே, அவ அந்தம்மாகிட்ட ஒட்டிக்கிட்டா. அக்கா அக்கான்னு. மீட்டிங் முடிஞ்சும் வீட்டுக்கு வர மாட்டா. என்னடி பேசுனேன்னா, "எங்க வார்டுல கால்வாய் அடைச்சிருக்குன்னு சொன்னேன்"னா. நான் சொல்லிக் குடுக்காம அவளா பேசியிருக்கா. கவுன்சிலராகி முதல் தடவை. எனக்குச் சந்தோஷம்தான் சார். யாருக்குத்தான் சந்தோஷமா இருக்காது?

அப்புறம் ஒருநாள் பூங்கா வேணும்னு கேட்டிருக்கா. எங்க வார்டுல பழைய மாட்டுப் பட்டி ஒண்ணு கிடக்கு, திரியிற மாட்டையெல்லாம் பிடிச்சு அடைப்பாங்களே, அந்த இடம். முள்ளு மண்டிக் கிடந்துச்சு. அதுல சிறுவர் பூங்கா, ரெண்டு ஊஞ்சல், ஒரு சறுக்குப் பலகை. ஜெசிந்தாம்மா தானே டேப்பைப் பிடிச்சுக்கிட்டு அளக்க வந்தாங்க. ஒரு முனையை இவ பிடிக்க, மறுமுனையை அவங்க பிடிக்க, முள்ளுக்குள்ள ரெண்டு பேரும் சேலையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு நடந்ததை ஊரே வேடிக்கை பாத்துச்சு.

எங்களுக்குக் குழந்தை இல்ல சார். அதைப் பத்திப் பேச வேண்டாம். அது ஆச்சு, இருபது வருசத்துக்கு மேல ஆச்சு.

பங்குனியில கோதண்டபாணி என் கடைக்கு வந்தாரு. பெயிண்ட் வாங்க வந்த மாதிரி ஷேடு கார்டைப் புரட்டிக்கிட்டே, "சேர்மன் மேல நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டாரோம்ணே. இருபத்தஞ்சு பேர்ல இருபது கை வேணும். பத்தொம்பது இருக்கு"ன்னாரு.

நான் பில் புக்கை மூடி வச்சேன்.

"சேர்மன் சீட்டு பொம்பளைக்குத்தான் ஒதுக்கியிருக்கு. அந்தம்மா இறங்குனா அடுத்து யாரு? தவமணி அக்காவைப் போட்டா யாரும் மறுக்க மாட்டாங்க. நீங்க பாத்துக்குவீங்க"ன்னாரு.

நீங்க பாத்துக்குவீங்க. யோசிச்சுப் பாருங்க சார். எனக்காகவா? தவமணிக்காக. செங்குளம் சேர்மன் தவமணி. ஜீப்பு வாசல்ல வந்து நிக்கும். பிள்ளை இல்லேன்னு எத்தனை விசேஷத்துல அவளை ஓரமா நிக்க வச்சிருக்காங்க, அத்தனை பேரும் வந்து அவளுக்கு மாலை போடணும். நான் நினைச்சது இதைத்தான். சத்தியமா இதைத்தான்.

எங்க பக்கம் இருந்த கவுன்சிலரையெல்லாம் வேன்ல ஏத்திக் கொடைக்கானல் கொண்டுபோனாங்க. அந்தம்மா பக்கம் யாரும் போய்ப் பேசிறக் கூடாதுல்ல, அதுக்காக. தவமணிகிட்ட டூருன்னுதான் சொன்னேன். அவளும் ஸ்வெட்டரெல்லாம் எடுத்து வச்சா. கல்யாணமாகி ஒருதரம்கூட நான் அவளைக் கொடைக்கானல் கூட்டிட்டுப் போனதில்ல, பாத்துக்கங்க. வேன்ல ஜன்னல் ஓரமா உட்கார்ந்து மலையையே பாத்துட்டு வந்தா. அங்க போய், காட்டேஜ்ல மத்தப் பொம்பளைங்க பேசுறதைக் கேட்டுத்தான் விசயமே தெரிஞ்சுது அவளுக்கு.

மத்தியானம் ரூமுக்கு வந்தா. "நான் கையைத் தூக்க மாட்டேன்"னா.

"ஏன்?"

"அக்கா என்ன தப்புப் பண்ணுச்சு? சொல்லுங்க, தூக்கறேன்."

மீன் மார்க்கெட்டைச் சொன்னேன், ஏலம்தானே சரின்னா. குப்பை வண்டியைச் சொன்னேன், அதுக்கும் பதில் வச்சிருந்தா. சேர்மன் சீட்டைச் சொன்னேன். "எனக்கு எதுக்கு அது? உங்களுக்கு வேணும்னா நீங்க ஆம்பளை வார்டுல நில்லுங்க"ன்னா. என் பொண்டாட்டி சார்! என்கிட்ட அப்படிப் பேசினவளே இல்ல. கீழ கோதண்டபாணி நடந்துக்கிட்டே இருக்காரு, நான் என்ன பதில் கொண்டுவரப் போறேன்னு.

அப்பத்தான் அந்த வார்த்தை என் வாயில வந்துச்சு. ஒரு வார்த்தை சார். திட்டம் போட்டெல்லாம் வரல. வந்துச்சு.

"நீ அக்கா அக்காங்கிறே. அவ உன்னைப் பத்தி என்ன சொன்னா தெரியுமா? பிள்ளை பெக்காதவளுக்குப் பூங்கா ஒரு கேடான்னு ஆபீஸ்ல வச்சுச் சொல்லியிருக்கா. காதால கேட்டவன் என்கிட்டச் சொன்னான்"னேன்.

அப்படி யாரும் சொல்லல. யாரும் கேக்கல. நானாச் சொன்னது.

ஊருல அவளைப் பத்தி ஆயிரம் சொல்லியிருக்காங்க, அவ கண்டுக்க மாட்டா. ஆனா அந்தம்மா சொன்னாங்கன்னா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். எங்க தொட்டா வலிக்கும்னு கூடப் படுத்து எந்திரிக்கிறவனுக்குத்தானே சார் தெரியும்?

அவ சண்டை போடுவான்னு நினைச்சேன். இல்லேன்னு சொல்லுவான்னு நினைச்சேன். கட்டில்ல உட்கார்ந்தா. ஸ்வெட்டர் பட்டனைப் போட்டா, கழட்டுனா. அப்புறம் ஒண்ணே ஒண்ணு கேட்டா. "அப்ப அங்க யாரெல்லாம் இருந்தாங்க?"

"நாலஞ்சு பேரு"ன்னேன்.

ஏன் நாலஞ்சு பேருன்னேன்? ஒருத்தருன்னு சொல்லியிருக்கலாம். யாரும் இல்லேன்னு சொல்லியிருக்கலாம். அந்த நாலஞ்சு பேருதான் சார் என்னைத் தூங்க விட மாட்டேங்கிறாங்க. இல்லாத ஆளுங்க.

இந்த ஃபேன் நின்னு போச்சா? கரண்டு போயிருச்சு போல. வந்துரும்.

தீர்மானத்தன்னைக்கு நாங்கல்லாம் முனிசிபாலிட்டி கேட்டுக்கு வெளியதான். போலீசு போட்டிருந்தாங்க. டீக்கடையில நின்னுக்கிட்டு உள்ள என்ன நடக்குதோன்னு காத்துக்கிட்டிருந்தோம். அதிகாரி ஒவ்வொரு பேராக் கூப்பிட, கையைத் தூக்கணும். பதினோராவது வார்டுன்னு கூப்பிட்டதும் தவமணி சட்டுனு தூக்கிட்டாளாம். எட்டாம் வார்டு கவுன்சிலர்தான் சொன்னாரு. தூக்குன கையை இறக்க மறந்து, அடுத்த பேரு கூப்பிட்டப்புறமும் வச்சிருந்தாளாம். பக்கத்துல இருந்த அம்மாதான் பிடிச்சு இறக்கி விட்டுச்சாம். சரியா இருபது. ஒண்ணு கூடுதலும் இல்ல, ஒண்ணு குறைச்சலும் இல்ல.

ஜெசிந்தாம்மா வெளிய வந்தாங்க. நான் கேட்டுக்குப் பக்கத்துல நின்னுதான் பாத்தேன். அழுவாங்கன்னு பாத்தேன், அழல. கைப்பையை எடுத்துக்கிட்டு வராங்க. படியில நம்ம தவமணி நிக்கிறா. இவளைக் கடந்து போயிருக்கலாம்ல? போகல. நின்னு, "என்ன தவமணி, முகம் இப்படி வாடிக் கிடக்கு? சாப்பிடலையா?"ன்னாங்க. இவ முகத்தைத் திருப்பிக்கிட்டா. அவங்க ஜீப்பைப் பாத்தாங்க, அது இனி தன்னோடது இல்லேன்னு ஞாபகம் வந்திருக்கும் போல, ரோட்டுக்கு வந்து ஷேர் ஆட்டோவுல ஏறிட்டாங்க.

கோதண்டபாணி ஆளுங்க வேட்டுப் போட்டாங்க. நானும்தான் நின்னேன், கூட்டத்துல.

அதுக்கப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை. சர்ச்சு விடுற நேரம். தவமணி என்கிட்டச் சொல்லாம எங்கேயோ கிளம்பிப் போனா. பின்னாடி தெரிஞ்சுது, அந்தம்மா வீட்டுக்குத்தான் போயிருக்கா. என்ன கேட்டா, அவங்க என்ன சொன்னாங்க, எனக்குத் தெரியாது. அரை மணி நேரம் இருந்தாளாம். திரும்பி வந்தா. கால் கழுவினா. அடுப்பைப் பத்த வச்சு எனக்குத் தோசை ஊத்துனா. நான் பயந்துக்கிட்டே உட்கார்ந்திருக்கேன், இப்பக் கேப்பா, இப்பக் கேப்பான்னு. "இன்னொண்ணு வேணுமா?"ன்னா. அம்புட்டுதான்.

எனக்கு நம்பிக்கை வந்துருச்சு. சரி, இவ கேக்கல போல, அந்தம்மாவும் சொல்லல போல. வேற எதுக்காச்சும் போயிருப்பா, அன்னைக்கு முகம் குடுக்காததுக்கு வருத்தம் சொல்லப் போயிருப்பான்னு நானே எனக்குச் சொல்லிக்கிட்டேன்.

புது சேர்மன் எடுக்கிற நாள் வந்துச்சு. நான் ரோஜா மாலை சொல்லி, ஸ்வீட்டு சொல்லி, மேளத்துக்கும் சொல்லிட்டேன். காலையில தவமணி குளிச்சு பட்டுச்சேலை கட்டிக்கிட்டா. சொன்னபடி கட்டிக்கிட்டா சார்! உள்ள போனா. கோதண்டபாணியே எந்திரிச்சு இவ பேரைச் சொன்னாரு, இன்னொருத்தர் வழிமொழிஞ்சாரு. அதிகாரி, "உங்களுக்குச் சம்மதமா?"ன்னு கேட்டிருக்காரு. தவமணி எந்திரிச்சு, "சம்மதமில்லை. இந்தக் கையைத் தூக்குனதே தப்பு. அந்தத் தப்பு மேல போய் நான் உட்கார மாட்டேன்"னுட்டாளாம். சபையில, மைக்குல. யாரும் எழுதிக் குடுக்கல அவளுக்கு.

கால் மணி நேரத்துல கோதண்டபாணியோட மச்சினிச்சி சேர்மன். அந்த மச்சினிச்சிக்கு மாலை எப்படி அவ்வளவு சீக்கிரம் வந்துச்சுன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியல. என் மேளக்காரனே அவங்களுக்கு அடிச்சிட்டான்.

தவமணி வெளிய வந்தா. எல்லாரும் என்னையே பாக்கறாங்க. "வண்டியை எடுங்க, மாவைக் கரைச்சு வச்சிட்டு வந்தேன், பொங்கிரும்"னா. பின்னாடி உட்கார்ந்தா. வழக்கமா என் தோளைப் பிடிச்சுக்குவா. அன்னைக்கு சீட்டுக்குப் பின்னாடி இருக்கிற கம்பியைப் பிடிச்சுக்கிட்டா.

இன்னைக்கு வரைக்கும் கம்பிதான்.

மத்தபடி எந்தக் குறையும் இல்ல சார். சமைக்கிறா, துணி துவைக்கிறா, என் மாத்திரையை எடுத்து வைக்கிறா. கரண்டு பில் கட்டியாச்சான்னு கேக்கறா. மீட்டிங்குக்குத் தனியாப் போறா, தனியா வரா. பூங்கா இடத்தைக் கடைங்க கட்டக் குடுக்கப் பாக்கறாங்க, அதை எதிர்த்து ஒவ்வொரு மீட்டிங்லயும் எந்திரிச்சு நிக்கிறாளாம். கோதண்டபாணி எனக்குப் போன் பண்ணி, "உங்க சம்சாரத்தைக் கொஞ்சம் சொல்லி வைங்கண்ணே"ங்கிறாரு. நான் சொல்றேன், "தலைவரே, நான் மத்தவங்கள்ல சேர்ந்தவன்"ங்கிறேன். தமாசாச் சொல்றேன்னு சிரிக்கிறாரு.

ஒருதரம் கேட்டிருந்தா, ஏன்யா அப்படிச் சொன்னேன்னு ஒருதரம் கேட்டிருந்தா, நான் கால்ல விழுந்திருப்பேன் சார். துடைப்பத்தை எடுத்து ரெண்டு போட்டிருந்தாக்கூட வாங்கியிருப்பேன். கேக்க மாட்டேங்கிறா. கேக்காம நானா எப்படிச் சொல்றது? அவளுக்குத் தெரியாமயே இருந்தா? தெரியாத ஒண்ணை நானே போய்ச் சொல்லி அவ மனசைக் கெடுக்கறதா?

அதான் இங்க வரேன். எங்க ஊர்லயே நாலு லேப் இருக்கு. ஒரு மணி நேரம் பஸ்ல நின்னுக்கிட்டு மாசாமாசம் இங்க வரேன். வீட்ல எங்க ஊரு லேப்புன்னுதான் சொல்லியிருக்கேன். ஜெசிந்தாம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டா மனசு ஆறும்னு நினைப்பு. முதல் மாசம் பயமாப் போச்சு, அந்தம்மா கையில ஊசி வேற. "வாங்கண்ணே, கையை நீட்டுங்க"ன்னாங்க. வலியே தெரியல. போன மாசம் துணிஞ்சு, "அம்மா, நான் ஒண்ணு சொல்லணும்"னு ஆரம்பிச்சேன். "பேசாதீங்கண்ணே, ஊசி ஆடும்"னாங்க. எடுத்து முடிச்சதும் அடுத்த ஆளைக் கூப்பிட்டாங்க.

இன்னைக்குச் சொல்லிட்டேன் சார். காலையில, முதல் ஊசி எடுத்து முடிச்சு பஞ்சை வச்சு அமுக்கும்போது, கடகடன்னு சொல்லிட்டேன். "கொடைக்கானல்ல நான்தான் பொய் சொன்னேன். உங்க பேரைச் சொல்லிச் சொன்னேன். நான்தான்"னு.

அவங்க குழாய்ல என் பேரை எழுதிக்கிட்டிருந்தாங்க. எழுதி முடிச்சாங்க. "தெரியும்ணே"ன்னாங்க. அப்புறம், "அடுத்த மாசத்துல இருந்து நம்ம ஊர்லயே பாத்துக்கங்க. இவ்வளவு தூரம் எதுக்கு அலையறீங்க"ன்னாங்க.

பாத்தீங்களா சார்? நான் இவ்வளவு செஞ்சும் என் அலைச்சலைப் பத்தி யோசிக்கிறாங்க. என்ன மனசு! என்ன சார், அப்படிப் பாக்கறீங்க? அக்கறையிலதானே சொல்லியிருப்பாங்க? வேற எதுக்குச் சொல்லப் போறாங்க?

இருங்க, போனு. வீட்லதான். இன்னைக்கு மீட்டிங்கு, முடிஞ்சிருக்கும்.

சொல்லும்மா... ஆமா, லேப்லதான் இருக்கேன்... இல்ல, ரெண்டாவது இன்னும் எடுக்கல... தவமணி, நான் உன்கிட்ட ஒண்ணு... இல்ல இல்ல, ஒண்ணுமில்ல. நாலு இட்லிதான் சாப்பிட்டேன்... சட்னி தொடல... என்னது?... யாருகிட்ட?... ம்... சரி. சரி, குடுக்கறேன்.

ஒரு நிமிசம் சார். வந்துர்றேன்.

குடுத்துட்டு வந்துட்டேன். "அக்கா அங்க சும்மா இருந்தாப் போனைக் குடுங்க, அவங்க நம்பர் எடுக்க மாட்டேங்குது"ங்கிறா. நான் எந்த லேப்புன்னு அவகிட்டச் சொன்னதே இல்ல சார். ஒரு மாசமும் சொன்னதில்ல. முதல் மாசத்துல இருந்தே தெரிஞ்சிருக்குமோ? நான் கிளம்பும்போதெல்லாம் பஸ்ஸுக்குச் சில்லறை இருக்கான்னு கேப்பா. உள்ளூர் லேப்புக்கு எதுக்குப் பஸ்ஸுன்னு எனக்கும் உறைக்கல பாருங்க.

சாயந்திரம் போய்ச் சொல்லிர்றேன் சார். கண்டிப்பா. போன்ல சொல்ற விசயமா அது? இன்னைக்கு வேற அவ மீட்டிங் போயிட்டுக் களைச்சு வந்திருப்பா. ஞாயித்துக்கிழமை நிதானமாச் சொன்னா ஆச்சு.

ரத்தம் எடுக்கிற ரூம் வாசல்ல தொங்குற இந்தத் திரை வழியா ஒண்ணும் சரியாக் கேக்க மாட்டேங்குது. "பூங்கா"ன்னு ஒரு தடவை, அப்புறம் "சபாஷ்டி"ன்னு, அவ்வளவு மட்டும் கேட்டுச்சு. இப்பச் சிரிக்கிறாங்க, கேக்குதா சார்? அந்தப் பக்கம் அவளும் சிரிக்கிறா. போன்ல இருந்தே கேக்குது. அவ சிரிச்சு நான் கேட்டு எத்தனை மாசம் ஆச்சு.

உங்க பேரைத்தான் கூப்பிடுறாங்க சார், போங்க. போனை நான் அப்புறம் வாங்கிக்கிறேன். என்னைப் பத்திப் பேசிச் சிரிக்கிறாங்களான்னு மட்டும், போற போக்குல, கொஞ்சம் காது குடுத்துக் கேளுங்க. என்னைப் பத்தித்தான்னா பரவாயில்ல சார். என்னைப் பத்தியா இருந்தா நல்லாருக்கும்.